பச்சை மின்னும் குடல்

சரியாக எழுபத்தொரு மணி நேரம்!

ஆபரேஷன் டேபிளை விட்டு இறங்கிய பிறகு ஜார்ஜ் உயிரோடு இருந்தது அவ்வளவுதான்.

திருவொற்றியூர் தனியார் ஆஸ்பத்திரி. தியேட்டர் நர்ஸ் ஆன்சியின் மூக்கை விட்டு அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அழுகிய குடலின் நாற்றம்.

எதிரே டாக்டர் அன்பரசன் மட்டன் பப்ஸைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராயபுரத்துலேர்ந்து நடந்து வந்த மனுஷன் சார்!" ஜார்ஜின் மனைவி ஃப்ளோரா இன்ஸ்பெக்டர் வரதனிடம் கத்தினாள். "இப்ப மூட்டையா கட்டிக் குடுக்குறானுங்க... கலீஜ் புடிச்ச ஆஸ்பத்திரி!"

"குடல்ல கட்டி வந்த பகுதியை வெட்டிட்டு, மீதியைச் சேத்துத் தைச்சேன்." டாக்டர் உதட்டு எண்ணெயைத் துடைத்தார். "நரம்புல பச்சை மருந்து ஏத்துவோம். ரத்தம் ஓடுற இடம் இந்தக் கேமராவுல மின்னும். ஓடாத இடம் கறுப்பு. நீங்களே பாருங்க."

மிஷினைத் தட்டினார். திரையில் குடல் முழுக்க... பச்சை!

"ரத்த ஓட்டம் நூத்துக்கு நூறு. அப்புறம் ஏன் அழுகுச்சு? இந்தப் பொண்ணு கருவிங்களைச் சரியா கழுவலை!"

பழி தன் மேல் விழுவது ஆன்சிக்குப் புரிந்தது. வேலை போகும். ஜெயில்கூட...

"இன்னா டாக்டர், முறுக்கு மாதிரி சுத்திக்கினு கீது?" வரதன் திரையருகே குனிந்தார்.

"பெருங்குடல்... எல்லாருக்கும் அப்படித்தான்."

ஆன்சி சட்டென்று நிமிர்ந்தாள்.

"சார்..." குரல் கொசுவாக வந்தது. "அன்னைக்குத் தையல் பக்கத்துல கறுப்புத் திட்டு தெரிஞ்சுது. நான் காட்டினேன். 'கல்யாண ரிசப்ஷனுக்கு லேட்டாச்சு, மூடு'ன்னாரு. அந்த ரெக்கார்டிங்கை அழிச்சிட்டாரு."

"பொய்! அப்ப இது யாரோடது? வேற பேஷண்ட்டோடதா?" டாக்டர் சீறினார்.

"வேற பேஷண்ட்டே கிடையாது. ஜார்ஜ் அண்ணன்தான் இந்தக் கேமராவுக்கு மொத ஆளு."

"பின்ன இது?" வரதன் அதட்டினார்.

"மிஷின்ல இருந்த இன்னொரு ரெக்கார்டிங் ஒண்ணே ஒண்ணுதான் சார். போன மாசம் இதே மிஷின்ல டாக்டருக்கும் எங்களுக்கும் ட்ரெயினிங் குடுத்தாங்க..." திரையைக் காட்டினாள். "மயக்கம் குடுத்த பன்னி மேல. மனுஷக் குடல் இப்படிச் சுத்தாது. இது பன்னிக் குடல் சார்!"

பப்ஸ் தரையில் விழுந்தது.

ஃப்ளோரா காறித் துப்பினாள்.

வரதன் டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"பன்னிக் குடலை மட்டும் பொறுமையா பாத்துக்கீறீங்க... கிளம்புங்க டாக்டர்!"