வியாழக்கிழமைக் கன்னம்

வியாழன், பிற்பகல் 3.45.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு நர்ஸ் திரும்பி வந்தபோது, முதியவர் சாய்வு நாற்காலியில் தலை தொங்கக் கிடந்தார். வாயோரம் வழிந்த பால் சட்டைக் காலரில் உறைந்திருந்தது. கூப்பிட்டாள், உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள். மூச்சு மட்டும் இருந்தது, அதுவும் வேண்டாவெறுப்பாக. அவர் கழுத்தில் எப்போதும் தொங்கும் கறுப்புக் கயிற்றைக் காணவில்லை. அந்தக் கயிற்றில்தான் இரும்புப் பெட்டியின் சாவி இருக்கும்.

நர்ஸ் பெட்டியைப் பார்க்கப் போகவில்லை, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பிற்பாடு அதையே அவள் தலையில் கட்டினார்கள். பெட்டியிலிருந்து என்ன போயிருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தவள் எதற்காக எட்டிப் பார்க்கப் போகிறாள் என்றார்கள்.

4.40-க்கு ஆய்வாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. போன வருஷம் வந்த நெடுங்காய்ச்சலில் இளைத்தவர். உடம்பு திரும்பி வந்துவிட்டது, கன்னம் மட்டும் வரவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "ராத்திரி தூங்கலையா மேடம்?" என்று கேட்டு உயிரை எடுப்பார்கள். கூடவே வந்த காவலருக்கு ஸ்டேஷனில் 'முடிவுரை' என்று பெயர். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிஷத்தில் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார்.

பெட்டி திறந்து கிடந்தது. பத்திரங்கள், பழைய கடிகாரங்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. போனது ஒன்றே ஒன்று, முதியவரின் மறைந்த மனைவியுடைய சிவப்புக்கல் நெக்லஸ். சுவரில் அந்த அம்மாள் படமாக இருந்தார். உருண்டை முகம், கொழுகொழு கன்னம், கழுத்தில் அதே நெக்லஸ்.

"நர்ஸ்தான் மேடம்," என்றார் முடிவுரை. "பூட்டு உடையல, சன்னல் உடையல. அவரோட தூக்க மாத்திரையையே பொடி பண்ணிப் பால்ல கலந்திருக்காங்க."

ஆய்வாளர் நர்ஸை எதிரே உட்கார வைத்தார்.

"பால் யார் குடுத்தது?"

"பிளாஸ்க்குல ஊத்தி வெச்சிட்டுத்தான் மேடம் போனேன். வியாழக்கிழமை மூணு மணிக்குக் கடைக்குப் போவேன், எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் கை நடுங்கும். தானா எடுத்துக் குடிக்க மாட்டாரு."

"அப்போ யார் குடுத்தாலும் குடிப்பாரா?"

"இல்ல. வேத்தாள் குடுத்தா வாயை இறுக்கி மூடிக்குவாரு. நான் குடுத்தாக் குடிப்பாரு. இல்லாட்டி ரெண்டு பொண்ணுங்க குடுக்கணும்."

"மாப்பிள்ளை?"

"அவர் குடுத்தாத் துப்பிடுவாரு."

தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிக்கிறோம் என்று தெரியாமல் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆய்வாளருக்கு அவள்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"என்னை உள்ள வெச்சா ஒரு நாள் விட்டுடுவீங்க மேடம்," என்றாள் நர்ஸ். "ஆனா நோயாளிக்கு மாத்திரை குடுத்து மயக்கினவள்னு ஒரு பேர் வந்துட்டா, எந்த வீட்டுல என்னைச் சேர்ப்பாங்க? எனக்கு வேற தொழில் தெரியாது."

ஆக, பால் கொடுத்திருக்கக்கூடிய கைகள் மூன்று ஜோடிதான். இளைய மகள் பள்ளிக்கூட ஆசிரியை. அன்று பிற்பகல் முழுக்க அவள் பாடம் நடத்துவதைத் தலைமையாசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து மதிப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தவளோ திங்கட்கிழமையே கணவனோடு மலையூர் விடுதிக்குப் போய்விட்டாள். கார்ப் பயணம் மூன்று மணி நேரம்.

"அக்கா திங்கட்கிழமை காலையில கன்னத்துக்கு ஏதோ ஊசி போட்டுக்கிட்டா. அது ஆறுற வரைக்கும் ஓய்வா இருக்கப் போனா," என்று இளையவள் போனை நீட்டினாள். குடும்பக் குழுவில் மூத்தவள் அனுப்பிய படங்கள். திங்கட்கிழமை, நீல உடையில் பூரித்த முகம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மலையும் மூடுபனியும் பூத்தொட்டியும். வியாழன், பிற்பகல் 3.20, பால்கனியில் பச்சைச் சால்வை, கையில் டீக் கோப்பை, கன்னம் இரண்டும் கும்மென்று. சுவரில் இருக்கும் அம்மாளின் சாயல் அப்படியே தெரிந்தது.

"பார்த்துட்டு என்ன எழுதினீங்க?"

"கட்டைவிரல் போட்டேன். அக்கா என்ன அனுப்பினாலும் கட்டைவிரல்தான். பெரிசு பண்ணிப் பார்க்க எங்க நேரம்?"

"நடந்ததைச் சொல்லிட்டீங்களா?"

"நாலு மணிக்கே கூப்பிட்டேன். மாமாதான் எடுத்தாரு. தூங்குறா, எழுந்ததும் சொல்றேன்னாரு."

"நெக்லஸ் யாருக்குன்னு ஏற்பாடு?"

"வீடு அக்காவுக்கு, நெக்லஸ் எனக்குன்னு அப்பா சொல்லியிருந்தாரு. ஞாயித்துக்கிழமை குடுக்கிறதா இருந்துச்சு."

மூத்தவளின் போன் நாள் முழுக்க மலையூரில்தான் இருந்தது என்று போன் கம்பெனிக்காரர்கள் உறுதி சொன்னார்கள். விடுதி மேலாளர், மதியம் அறைக்கு அனுப்பிய இரண்டு சாப்பாட்டுத் தட்டும் வழித்துத் துடைத்துத் திரும்பி வந்ததாகச் சொன்னார். முடிவுரையின் முகத்தில் வெற்றிக்களை. நர்ஸ் அன்றிரவு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி, காலை 10.00.

முதியவர் கண் விழித்துவிட்டார். புதன்கிழமை வரை நினைவிருந்தது. வியாழக்கிழமை துடைத்துவிட்டாற்போல் இல்லை. தூக்க மாத்திரை அளவு மீறினால் அப்படித்தான் ஆகும் என்றார் மருத்துவர்.

மூத்தவள் மருத்துவமனை வராந்தாவில் கணவனோடு நின்றிருந்தாள். ஆய்வாளர் முதலில் பார்த்தது அவளுடைய கன்னத்தைத்தான். தனக்கு இல்லாததை அடுத்தவரிடம் தேடுகிற வழக்கம் ஒரு வருஷமாகவே அவருக்கு இருந்தது. தேடியும் அகப்படவில்லை. எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி. மூத்தவள் பேசப் பேச இரு கட்டைவிரலாலும் கன்னத்தை வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேத்து மூணு இருபதுக்கு எங்க இருந்தீங்க?"

"பால்கனில டீ குடிச்சிட்டிருந்தேன். படம்கூட அனுப்பினேனே."

"நாலு மணிக்கு?"

"தூங்கிட்டேன்."

"டீ குடிச்ச கையோடயா?"

"ஊசி போட்ட அசதி. வேணும்னா டாக்டரைக் கேளுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க. மறைக்க எனக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க போனை வாங்கிப் பார்த்தோம். அந்தப் படம் அதுல இல்லையே?"

"இடம் பத்தல. அனுப்பினதும் அழிச்சிட்டேன்."

வெளியே வந்ததும் முடிவுரை உச்சுக் கொட்டினார். "பெத்த அப்பனாச்சே. கவலையில மூஞ்சி எப்படி வத்திப்போச்சு பாருங்க."

"ஒரே ராத்திரியிலயா?" என்று மட்டும் கேட்டார் ஆய்வாளர்.

பகல் 12.30.

அழகு சிகிச்சை மருத்துவர், மூத்தவளிடம் போனில் பேசிச் சம்மதம் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு முழுக்க அவர் கண் ஆய்வாளரின் முகத்தை அளந்துகொண்டிருந்தது.

"காய்ச்சல்ல போன கன்னமா?"

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன் டாக்டர்."

"தாராளமா விசாரிங்க. நான் கன்னத்தை விசாரிக்கிறேன். ஜெல் ஊசின்னா படுக்கையை விட்டு எழுந்திரிக்கும்போதே கன்னம் நிமிர்ந்திடும். ஒரு வருஷம் போல நிக்கும், பிடிக்கலைன்னா கரைச்சிடலாம். இல்லாட்டி உங்க வயித்துக் கொழுப்பையே உறிஞ்சி எடுத்துக் கன்னத்துல வைக்கலாம். வீக்கம் வடிய வாரக்கணக்காகும், வெச்சதெல்லாம் தங்கும்னும் சொல்ல முடியாது. உள்ள சிலிக்கான் வைக்கிற ஆபரேஷனும் இருக்கு. நான் செய்றதில்ல."

"அவங்களுக்கு எதைச் செஞ்சீங்க?"

"நாலாவது. ஒரு தூளைத் தண்ணியில கரைச்சுப் போடுற ஊசி. தோலுக்கு அடியில தானா சதைப்பிடிப்பு வர்றதுக்கு அது தூண்டிவிடும். ஒரே நாள்ல உப்பினா எல்லாரும் பேசுவாங்க, மெதுவா வரட்டும்னாங்க. அதுல ஒரு சங்கடம். போட்ட அன்னைக்கு, கலந்த தண்ணியால கன்னம் பிரமாதமா இருக்கும். ரெண்டு மூணு நாள்ல தண்ணி வடிஞ்சு பழைய குழி வந்திடும். நிஜமான கன்னம் ஏற மாசக்கணக்காகும், இன்னும் ரெண்டு ஊசியும் போடணும். முதல் சில நாள் வட்டமாத் தேய்ச்சு வேற விடணும்."

"இதை அவங்ககிட்ட சொல்லலையா?"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கையில கண்ணாடி இருந்துச்சு, காதுல ஏறல. புதன்கிழமை சாயங்காலம் எல்லாம் போச்சுன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. படம் வேற." மருத்துவர் போனைத் திருப்பிக் காட்டினார். பால்கனி, பச்சைச் சால்வை, டீக் கோப்பை, ஒட்டிய கன்னம்.

ஆய்வாளர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "புதன்கிழமை இப்படி இறங்கினது, வியாழக்கிழமை திரும்ப ஏற வாய்ப்பிருக்கா?"

"என்கிட்ட வந்து ஜெல் போட்டிருந்தா ஏறியிருக்கும். ஆனா அது வெள்ளிக்கிழமை இறங்காது."

மாலை 4.00.

முதியவரின் வீட்டுக் கூடத்தில் திங்கள், புதன், வியாழன் என்று மூன்று அச்சுப் படங்களை மேசைமேல் வரிசையாக வைத்தார் ஆய்வாளர். மகள்கள் இருவரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். முடிவுரை வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை.

"பால் குடுத்தது நீங்கதான்," என்றார் ஆய்வாளர், மூத்தவளிடம்.

"நான் மலையூர்ல இருந்தேன்."

"உங்க போன் இருந்துச்சு. உங்க கணவர் இருந்தாரு. நீங்க விடியறதுக்கு முன்னாடியே பஸ் ஏறிட்டீங்க. சாவி எங்க தொங்கும், நர்ஸ் எப்போ கடைக்குப் போவாங்க, எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பொண்ணு குடுத்ததால அப்பா மாட்டேன்னு சொல்லல. மூணு இருபதுக்கு இவர் படத்தை அனுப்பினாரு, நாலு மணிக்குத் தூங்குறான்னு சொன்னாரு, மதியம் ரெண்டு சாப்பாட்டையும் ஒத்த ஆளாச் சாப்பிட்டாரு."

"படத்துல நான்தானே இருக்கேன்?"

"நீங்கதான். ஆனா அது வியாழக்கிழமைக் கன்னம் இல்ல. திங்கட்கிழமைக் கன்னம். புதன்கிழமை தண்ணி வடிஞ்சு போச்சு, டாக்டர்கிட்ட நீங்களே படத்தோட முறையிட்டிருக்கீங்க. வெள்ளிக்கிழமை நான் நேர்ல பார்த்தப்பவும் குழிதான். நடுவுல வியாழக்கிழமை மட்டும் எப்படி நிரம்பும்? ஊசி போட்ட அன்னைக்கே உடை மாத்தி எடுத்து வெச்ச படம் இது."

"போன்ல வர்ற மெருகு அது," என்றார் மாப்பிள்ளை.

"அதே போன், அதே பால்கனி. மெருகு புதன்கிழமை மட்டும் லீவா?"

மாப்பிள்ளைக்கு அவ்வளவுதான் தெம்பு. நெக்லஸ் கார் டிக்கியில், உபரிச் சக்கரத்துக்கு அடியில் இருப்பதாகச் சொன்னார். முடிவுரை எடுக்கப் போனார்.

மூத்தவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடி பேசினாள். "சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் அம்மா மூஞ்சி எனக்குத்தான்னு சொல்லுவாங்க. அந்த மூஞ்சிக்குன்னு செஞ்ச நெக்லஸ் அது. அப்பா அதை இவளுக்குக் குடுக்கிறேன்னுட்டாரு. அவருக்கு இவ்வளவு ஆகும்னு நான் நினைக்கல."

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல," என்றார் ஆய்வாளர். "வியாழக்கிழமை அனுப்புறதுக்குன்னே புதன்கிழமையும் ஒரு படம் எடுத்திருக்கீங்க. சால்வை, கோப்பை எல்லாம் அச்சு அசல். அதை அனுப்பியிருந்தா நாங்க தலைகீழா நின்னாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டோம். ஏன் அனுப்பல?"

"நானும் அதைத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றார் மாப்பிள்ளை.

"அந்த மூஞ்சியையா?" மூத்தவள் இரண்டு கன்னத்தையும் கையால் மூடிக்கொண்டாள். "இவ பார்ப்பாளே."

ஆய்வாளர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். நர்ஸை உடனே விடச் சொன்னார். அவள்மேல் குற்றம் எதுவும் இல்லை என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஜீப்பிலேயே கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிடவும் சொன்னார்.

இளையவள் புதன்கிழமைப் படத்தையும் வியாழக்கிழமைப் படத்தையும் இரண்டு கையிலும் எடுத்தாள். முதன்முறையாக நிறுத்தி, நிதானமாக, மாறி மாறிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"அக்கா," என்றாள், "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?"