ஊரில் இல்லாதவனுக்கு ஒரு தட்டு

விடுதிக்குள் நுழைந்ததும் இசாமு தலையைக் குனிந்தான். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு உள்ளே ஒன்றும் பிடிபடாத இருட்டு. அந்த இருட்டில் நெற்றி உயரத்துக்கு ஓர் உத்தரம் குறுக்கே ஓடுகிறது என்பது, பின்னால் வந்த மிசாவோ அதில் மடேரென்று இடித்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. நெற்றியைத் தேய்த்தபடி புருஷனின் முதுகைப் பார்த்தாள். இந்த இஸுமோ ஊர்ப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று பதினோரு வருடமாகச் சாதிக்கிற மனுஷன்.

“உங்க தலைக்கு மட்டும் இருட்டுலயும் கண்ணு தெரியுதாக்கும்,” என்றாள்.

“பழைய வீடுன்னா இப்படித்தான் இருக்கும்.”

விடுதிக்காரி கிகுனோ வந்தாள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, சட்டைக்கையை ஏற்றிக் கட்டியிருந்தாள். மிசாவோவை வணங்கினாள், மிசாவோவின் பையை வாங்கிக்கொண்டாள், மிசாவோவுக்கு வீட்டுச் செருப்பை எடுத்து வைத்தாள். இசாமு நின்ற பக்கம் அவள் கண் போகவே இல்லை. அவனும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முன்பின் தெரியாதவர்கள் ஒரு தடவையாவது முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இவர்கள் பார்க்கவில்லை. மிசாவோவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

இந்த விடுதியைத் தேடிப் பிடித்தவளே அவள்தான். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இங்கிருந்து இசாமு பேருக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். பெண்பிள்ளைக் கையெழுத்தில், தூரிகையால் எழுதிய ஒரே வரி: ‘இந்த வருடமும் மூடி நனைந்தே இருக்கிறது.’ கேட்டால், யாரோ முகவரி மாற்றி அனுப்புகிறார்கள் என்பான். அந்த வரி சோற்றில் கல்லாக அவள் பல்லில் கடிபட்டுக்கொண்டே இருந்தது. அதைவிட மோசம், அவன் மூச்சில் வரும் வாசனை. கூரையோட்டுக் கிடங்கு வேலையிலிருந்து ஆறு மணிக்கு நேராக வீட்டுக்கு வருகிறவன் வாயில் மட்டிச் சிப்பிச் சாறு மணக்கும். மிசாவோ தன் அடுப்பில் மட்டியை ஏற்றியதே இல்லை.

அவள் ஒசாகாவில் ஒரு தொழிற்சாலைச் சமையல்கூடத்தில் வேலை செய்கிறாள். தினமும் முந்நூறு பேர் அவள் சமையலைக் கிண்ணம் வழித்துச் சாப்பிடுகிறார்கள். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு வாய் மட்டும் இரண்டு கவளத்தில் மூடிக்கொள்ளும். வயிறு நிறைந்திருக்கிறது என்பான். எவள் நிறைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவனையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்தாள். கண்டுபிடித்து, அந்த வயிற்றைத் தன் பக்கம் திருப்பாமல் ஊர் திரும்புவதில்லை என்று முடிவும் செய்திருந்தாள்.

நாடெங்கும் உள்ள கடவுள்கள் இந்த ஊரில் வந்து கூடும் வாரம் அது. யாருக்கு யார் என்று அவர்கள் முடிச்சுப் போட்டு முடிக்கும்வரை ஊர்க்காரர்கள் பாடமாட்டார்கள், ஆணி அடிக்கமாட்டார்கள், நகம்கூட வெட்டமாட்டார்கள். கோயில் தெருவில் அத்தனை கூட்டம் இருந்தும் செருப்புகள் உரசும் சத்தமும், பைன் மரங்களுக்குள் புகுந்து வரும் கடல் காற்றின் இரைச்சலும் மட்டுமே கேட்டன. சந்நிதிக்கு முன்னால் நின்று எல்லோரும் நான்கு முறை கை தட்டினார்கள். மிசாவோவும் தட்டினாள். இசாமுவின் கையிலிருந்து மட்டும் சரியான சத்தம் வரவில்லை. ஈரத்துணியோடு ஈரத்துணி அடித்த மாதிரி, சளக் சளக்கென்று நான்கு முறை.

நூடுல்ஸ் கடையில் அவளுக்குக் கொஞ்சம் மனசு ஆறியது. உமியோடு அரைத்த கறுப்பு நூடுல்ஸ், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று வட்டக் கிண்ணங்களில். மேல்கிண்ணத்தில் சாற்றை ஊற்றி, முள்ளங்கித் துருவலும் கடற்பாசியும் தூவி உறிஞ்சிவிட்டு, மிஞ்சிய சாற்றை அடுத்த கிண்ணத்தில் கவிழ்த்துத் தொடர வேண்டும். கீழே போகப் போக ருசி ஏறியது. சமையல்காரி நாக்கு பொய் சொல்லாது. மூன்றையும் முடித்துவிட்டு நூடுல்ஸ் வெந்த தண்ணீரையும் சாற்றில் கலந்து குடித்தாள். இசாமு இரண்டு இழையோடு குச்சியைக் கீழே வைத்திருந்தான்.

“இதுக்காகவே சீமையில இருந்து வருது ஜனம். நீங்க என்னடான்னா கொறிக்கறீங்க.”

“வயிறு நிறைஞ்சிருக்கு. நீ சாப்பிடு.”

கடைச் சுவரில் மணி பன்னிரண்டரை. இசாமு கண்ணை மூடிக்கொண்டான். வெறும் வாய் மெல்ல ஆரம்பித்தது. தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. வீட்டில் தினமும் பார்க்கிற கூத்துதான், பழக்கதோஷம் என்று விட்டிருந்தாள். ஆனால் இப்போது மேசைக்கு இந்தப்பக்கம் வரைக்கும் மட்டிச் சாற்றின் வாசனை அடித்தது, அந்தக் கடையில் மட்டியே கிடையாது. எதிர்க்கடையில் சிவப்புப் பயறுப் பாயசம் வாங்கிக் குடித்தபோதும், அதில் மிதந்த அரிசி உருண்டையைக் கடித்தபோதும், அந்த மட்டி வாசனைதான் அவள் மூக்கில் நின்றது.

நவம்பர் மாதத்துப் பொழுது ஐந்து மணிக்கெல்லாம் மங்கிவிட்டது. மாடியறையில் இசாமு கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். படிக்கட்டு வழியாக வாசனை ஏறி வந்தது. அதே வாசனை. மிசாவோ சத்தம் போடாமல் எழுந்து, அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே கீழே போனாள்.

சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. கிழக்குச் சுவரைப் பார்த்து, குட்டைக் கால்கள் வைத்த சாப்பாட்டுத் தட்டு ஒன்று. சோறு, சுட்ட மீன், ஊறுகாய், மூடி போட்ட மரக்கிண்ணம், ஆண்கள் சாப்பிடும் நீளக் குச்சிஜோடி ஒன்று. கிகுனோ மண்டியிட்டு மூடியைத் தூக்கி விளக்கடியில் சாய்த்தாள். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாக நீர். அதைப் பார்த்ததும் அவள் முகம் இளகியதைப் பார்க்க மிசாவோவுக்குச் சகிக்கவில்லை. கட்டின பெண்டாட்டி முகத்தில் இருக்க வேண்டிய இளக்கம் அது.

“யாருக்கு வச்சிருக்கீங்க?”

கிகுனோ திரும்பவில்லை. “ஊர்ல இல்லாதவங்களுக்கு வைக்கிறதுதான். உங்க பக்கம் வைக்க மாட்டாங்களா?”

“மேல உக்காந்திருக்கறவருக்கா?”

“மேல யாரு இருக்காங்கன்னு நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன்.” மூடியை மெதுவாக மூடினாள். “எனக்கும் அவருக்கும் நிச்சயம் ஆகியிருந்துச்சு. பதினாலு வருஷம் ஆச்சு. கடலுக்குக் கணவா மீன் பிடிக்கப் போனாரு. படகு வந்துச்சு, அவர் வரல. அன்னைக்கே தட்டு வச்சேன். மூடி உள்ள வேர்த்திருந்தா ஆளு உயிரோட இருக்காருன்னு அர்த்தம், காஞ்சிருந்தா இல்லைன்னு. இருபது நாள் காஞ்சே கெடந்துச்சு. போதும், எடுத்துடுன்னாங்க எல்லாரும். நான் எடுக்கல. இருபத்தோராம் நாள் நனைஞ்சிருந்துச்சு.”

“அப்புறம்?”

“வருஷக் கடைசில ஒசாகாலருந்து கார்டு. அவர் கையெழுத்துதான். ‘பசி இல்லை, ஆனால் அங்கே வர முடியாது’ன்னு ரெண்டே வரி.”

“ஏன் வர முடியாதாம்?”

“வந்துட்டா அவர் ஊர்ல இல்லாதவரா? வந்தவருக்கு இந்தத் தட்டு செல்லாதும்மா. அதுக்காகத்தான் நான் நிமிந்து பாக்கல. காலைல முதல் ரயிலுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. உங்க புருஷனாவே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்ல. சோறு மட்டும் நான் போட்டுடறேன்.”

அந்தக் கடைசி வார்த்தையில் மிசாவோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடம் வேளை தவறாமல் வடித்துக் கொட்டியதெல்லாம் குப்பைக்குப் போனது, இவள் சோற்றுக்கு வழிவிட.

“சோறு மட்டும்தானா? வேற என்னத்த மிச்சம் வச்சிருக்க எனக்கு?”

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எடுத்தாள்.

“அதத் தொடாதீங்கம்மா.”

குடித்தாள். மட்டிச் சாறு நன்றாக இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்த ஆத்திரத்தில் சோற்றையும் மீனையும் அள்ளி விழுங்கினாள். பிறகு மூடியை எடுத்துக் கவிழ்த்து, உள்பக்கத்தை சட்டைக்கையால் அழுத்தித் துடைத்தாள். ஒரு சொட்டு விடவில்லை.

கிகுனோ மூடியை வாங்கி விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதல்முறையாக அவள் கண்கள் மேலே, மாடியை நோக்கிப் போயின. மேலே பாய்த்தரையில் ஏதோ கனமாகச் சரிந்தது.

“இனிமே நீங்கதான் போடணும்,” என்றாள் தாழ்ந்த குரலில். “நிறுத்தாம போடணும்.”

மிசாவோ மாடியேறியபோது அறையில் இரவுச் சாப்பாடு ஏற்கெனவே வந்திருந்தது. இசாமு தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். விளக்கு அவனுக்குப் பின்னால் இருந்தது.

“பசிக்குது மிசாவோ.”

பதினோரு வருடத்தில் முதல் தடவை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டாள். பானையைத் திறந்து கிண்ணம் நிறைய வைத்தாள். சாப்பிட்டான். மறுபடி வைத்தாள். மறுபடி சாப்பிட்டான். மீன், கிழங்கு, அவள் பங்கு மீன், அவள் பங்கு சோறு.

“இன்னும்.”

இப்போது மெல்லும் சத்தம் இல்லை. விழுங்கும் சத்தம் மட்டும். குச்சி நழுவியது. விரல்தோல் குச்சியோடு போயிற்று.

“இருங்க. நான் ஊட்டறேன்.”

கையில் உருட்டி ஊட்டினாள். உதடு சில்லென்று இருந்தது. வாய்க்குள்ளும் சில்லென்று இருந்தது. அறையில் சேற்று நாற்றம். கடல் வற்றிய கரை நாற்றம். அவள் முழங்கால் நனைந்தது. குனிந்து பார்த்தாள். அவன் அங்கிக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தண்ணீரில் சோறு. முழுசு முழுசாக. இப்போது ஊட்டியது. அதற்கு முன் ஊட்டியது. எல்லாமே.

முகத்தைப் பார்த்தாள். கண்கள் இல்லை. மணல் இருந்தது.

“இன்னும்.”

படியில் காலடி. கதவுக்கு வெளியே கிகுனோவின் குரல். “அம்மா, சோறு கொண்டுவந்திருக்கேன். நீங்க ஒருத்தரால முடியாது. கதவத் திறங்க, நானும் ஒரு கை ஊட்டறேன்.”

மிசாவோ ஒரு காலை நீட்டிக் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம். என் புருஷனுக்கு நான் போடுவேன்.”

பானையைச் சாய்த்தாள். காலி. தரையில் கை வைத்தாள். மிதந்த சோற்றை அள்ளினாள். தண்ணீரைப் பிழிந்தாள். உருட்டினாள். வாய் திறந்தே இருந்தது.