நேர்ந்துவிட்ட மூளை

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 28ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. கரையான்சாவடிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இயங்கிய தனியார் மருத்துவமனை ஒன்றில், தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட பன்றியைத் திருடிக் கொன்று, அதன் மூளையை வடித்து, நோயாளிகளின் நரம்பில் ஏற்றியிருந்தார்கள். பன்றி மூளையிலிருந்து மருந்து எடுப்பது குற்றமன்று. தொழிற்சாலையில் முறைப்படி பிரித்துத் தூய்மை செய்த புரதத் துணுக்குகளை, அடிபட்ட மூளையைத் தேற்றுவதற்காகப் பல நாடுகளில் கொடுத்துத்தான் வருகிறார்கள். பின்கட்டில் அடுப்பு மூட்டி வடித்ததும், எவருடைய பன்றி என்று கேளாததும்தான் குற்றம். அந்தக் குற்றத்தின் விலையைச் செலுத்தியவள் யுவராணி.

அன்று நண்பகலில் அவள் கஞ்சித் தூக்குடன் மருத்துவமனைப் படியேறினாள். மழை மேகம் கவிந்து, பகலே அந்தியைப் போல் மங்கியிருந்தது. மாடியில் டெட்டால் வாடை. அதற்கும் அடியில், வைக்கோல் தீயில் மயிர் பொசுங்கும் வாடை.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய சேரி அவளுடைய ஊர். அவளுடைய கணவன் உத்தமன் அங்குள்ள கிடங்கொன்றில் சுமை வண்டி ஓட்டியவன். வண்டலூர் சாலையில் லாரி மோதித் தலையில் அடிபட்டது முதல் அவன் வாய் திறக்கவில்லை; மனைவியைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். யுவராணி காட்டேரியம்மனுக்கு ஒரு பன்றியை நேர்ந்துவிட்டாள். இடக் காதில் துளையிட்டு, கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி, "என் புருசன் வாய் தொறந்து பேசுனா இத்த உனக்குத் தரேன் ஆத்தா" என்று சொல்லி ஏரிக்கரையில் விட்டாள். நேர்ந்த பன்றியை அவ்வூரில் ஒருவரும் விரட்டமாட்டார்கள். வீட்டுக்கு வீடு சோறு வைத்தார்கள். அந்தச் சுற்று வட்டாரத்தில் அதைப்போல் கொழுத்த பன்றி வேறில்லை.

அதுவே வினையாயிற்று.

உத்தமனைச் சேர்த்திருந்த அந்த மருத்துவமனையின் டாக்டர் ராஜசேகரன் முந்தைய வாரம் அவளை அழைத்து, பன்றி மூளையில் செய்த மருந்தை ஏற்றப்போவதாகவும், வெளியிலிருந்து வரும் சரக்கு கிடைக்காததால் தாமே தயாரிப்பதாகவும் சொன்னார். யுவராணி தயங்கவில்லை. எந்தப் பன்றி என்று கேட்கவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஊசி போட்ட மறுநாளே உத்தமன் அவள் பெயரைச் சொன்னான். அவள் தரையில் விழுந்து டாக்டரின் காலைத் தொட்டாள்.

இப்போது அறைக்குள் நுழைந்தவள், கட்டில் வெறுமையாக இருப்பதைக் கண்டாள்.

உத்தமன் மூலையில், கைகால்களை ஊன்றி நின்றான். விலாவைச் சுவரில் அழுத்தி மேலும் கீழும் தேய்த்தான். சட்டை கிழிந்து, தோல் வழன்று, சுண்ணாம்பில் இரத்தம் தீற்றியிருந்தது.

"இன்னாய்யா பண்ற? எந்திரி."

அவன் மூக்கை உயர்த்தி மோந்தான். இடக் காது மடலில் புதிதாய் ஒரு துளை. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் குருதி இறங்கியது.

அவளுடைய கைப்பேசி அடித்தது. மாமியார் சொர்ணம்.

"யுவராணி, நம்ம பன்னியக் காணோம்மே. ஒரு வாரமா கண்ல படல, எங்கனா மேயுதுன்னு கெடந்துட்டேன். கயிறு மட்டும் அறுத்துப் போட்டுக் கீது. அந்த ஆஸ்பத்திரி வேம்புலி கோணியோட வந்தான்னு புள்ளைங்க சொல்லுதுங்க."

யுவராணியின் கையிலிருந்து தூக்கு நழுவியது. தரையில் பரவிய கஞ்சியில் உத்தமன் முகத்தை வைத்து உறிஞ்சினான். பிறகு நிமிர்ந்து, கணவனுடைய குரலிலேயே, மிகத் தெளிவாகப் பேசினான்.

"ஆத்தாளுக்கு என்னிய நேர்ந்துகினல்ல? அவுரு பேசிட்டாரே. எப்ப இட்டுகினு போவ?"

அவள் பின்வாங்கினாள். கதவு திறந்தது. ஊசித் தட்டுடன் வேம்புலி வந்தான். மருத்துவமனைக்கு எடுபிடி அவன். பின்கட்டு வேலையும் அவனுடையதே.

"இன்னாக்கா, அண்ணாத்த இன்னைக்குப் பாட்டே பாடுவாரு போல கீது," என்று சிரித்தான்.

உத்தமனின் மூக்கு துடித்தது.

அவன் அந்த வாடையை அறிந்திருந்தான்.

தலையைத் தாழ்த்திப் பாய்ந்தான். வேம்புலியின் வயிற்றில் மோதிய வேகத்தில் இருவரும் நடையில் போய் விழுந்தார்கள். வேம்புலி கத்த வாயெடுத்தான். உத்தமனின் பற்கள் அவன் தொண்டையில் இறங்கின. குருத்தெலும்பு நொறுங்கும் ஓசை யுவராணிக்குக் கேட்டது. கணவனின் தோளைப் பற்றி இழுத்தாள். அடித்தாள். பெயர் சொல்லி மன்றாடினாள். அவனோ வேம்புலியின் தலையை இரு கைகளாலும் தூக்கித் தரையில் மோதினான். மீண்டும் மோதினான். மண்டை பிளந்தது. உத்தமன் பிளவுக்குள் விரல்களை விட்டு, தன்னிடமிருந்து பறித்த பொருளைத் தேடுபவன்போலத் துழாவினான்.

தேடியது கிடைக்கவில்லை.

அவன் உறுமவில்லை, அழுதான்.

மாடிப்படியில் நின்று இதைக் கண்ட டாக்டர் ராஜசேகரன் இறங்கி ஓடினார். உத்தமன் உதறியதில் விழுந்திருந்த யுவராணி சுவரைப் பிடித்து எழுந்தபோது, நடையில் வேம்புலியின் உடல் மட்டும் கிடந்தது.

கணவன் எங்கே போயிருப்பான் என்பதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்தாள். செம்பரம்பாக்கம் கரையில், கிடங்குச் சுவருக்கும் வேலி போட்ட மனைகளுக்கும் நடுவே, காட்டேரியம்மனின் நடுகல் இருக்கிறது. எந்த வண்டியும் அவ்வளவு விரைவில் அவனைக் கொண்டு சேர்த்திருக்க முடியாது. ஆயினும் உத்தமன் கல்லின்முன் முட்டியிட்டு, கழுத்தை நீட்டி, அசையாமல் காத்திருந்தான்.

பலியின்போது விலங்கின் தலையில் மஞ்சள் நீர் தெளிப்பார்கள். அது உடலைச் சிலிர்த்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். சிலிர்க்கும் வரையில் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள்.

முதல் தூறல் விழுந்தது.

யுவராணி ஓடிப்போய்த் தன் முந்தானையை அவன் தலைமேல் விரித்தாள். "தாயே, வேற பன்னி தரேன். பத்துத் தரேன். இவரு வாணாம்."

மழை வலுத்தது. முந்தானை நனைந்தது.

"யுவராணி," என்றான் உத்தமன். இம்முறை அது அவளுடைய கணவன்தான். அவன் கண்கள் அவளை அறிந்திருந்தன. "குளுருதுமே."

ஒரு சொட்டு துணியைக் கடந்து அவன் உச்சியில் விழுந்தது.

தலை முதல் கால் வரை சிலிர்த்தான்.

யாரும் கத்தி எடுக்கவில்லை. அவன் கழுத்து இடமிருந்து வலமாகத் தானாகப் பிளந்தது. சூடான இரத்தம் அவள் முகத்தில் பீறிட்டது. அவனை மடியில் கிடத்தி, பிளந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, அவள் உதவிக்கு ஆள் தேடி நிமிர்ந்தாள்.

ஆட்கள் இருந்தார்கள்.

கிடங்குச் சுவரோரம், மருத்துவமனை அங்கியுடன், தலையில் கட்டுப் போட்ட அயலார் சிலர் வரிசையாக முட்டியிட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சாலையில் இன்னும் சிலர் வந்துகொண்டிருந்தார்கள்.

ராஜசேகரன் இன்னும் அகப்படவில்லை. ஒரு பன்றியின் மூளையை எத்தனை பேருக்குப் பங்கிட்டார் என்பதும் தெரியவில்லை. ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறேன், கேட்கவில்லை, கட்டளையிடுகிறேன். மருத்துவமனையிலிருந்து தேறி வந்த உங்கள் வீட்டு மனிதர், மழை நாளில் எழுந்து வாசலை நோக்கி நடந்தால், கதவைத் தாழிடுங்கள். அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினாலும் திறவாதீர்கள். அவர் தலையில் ஒரு சொட்டு நீரும் விழ விடாதீர்கள்.