அவிட்டத்துக்கு அடைக்காத வீடு

1931-இல் நாகர்கோவிலில் அறையில் கருவாடு வறுத்துத் தின்னும் பையன்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று பழைய வீட்டுக்காரர் அவர்கள் பெட்டியைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டார். அதனால் கிருஷ்ணமணிப் பிள்ளை தன் காலி வீட்டுக்குக் கேட்டவுடன் சாவியை நீட்டியபோது, புதுக்கடையிலிருந்து படிக்க வந்த ரசலையனும் மத்தியாஸும் மறுபேச்சுப் பேசவில்லை. ஓடு ஒழுகியது. கிணற்றுக்குக் கயிறில்லை. பின்னறை பூட்டியிருந்தது, பழைய சாமான் கிடக்கிறது என்றார் பிள்ளை. பரீட்சைக்கு மூன்று வாரம்தான், தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும் என்று பெட்டியை இறக்கினார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பின்னறையிலிருந்து கஷாய வாசனை வந்தது. சுக்கும் வேம்பும் சேர்ந்து கொதிக்கிற வாசனை. பிறகு பாயில் யாரோ புரண்டு படுக்கும் சத்தம்.

இருவரும் புத்தகத்தை மூடினார்கள்.

உள்ளே ஒரு பெண் இருமினாள்.

மறுநாளே மத்தியாஸுக்குக் காய்ச்சலும் இருமலும் கண்டது. ரசலையன் பிள்ளையிடம் போய்ப் பின்னறையில் யார் என்று கேட்டான். அவர் முகம் மாறாமல் சொன்னார்: "எங்க மயினி, அண்ணன் பெஞ்சாதி, அந்த அறையிலதான் இருமி இருமிச் செத்தா. செத்தது அவிட்ட நச்சத்திரத்துல, உயிரு வீட்ட விட்டுப் போவாது. ஆறு மாசம் வீட்ட அடச்சுப் போடணும். ஆளில்லாம கெடந்தா செதலு அரிச்சிரும்லா? ஏசுவக் கும்புடுற வேதக்காரப் பிள்ளையளுக்கு நாளு நச்சத்திரம் கெடையாதே, ஒங்கள ஒண்ணும் செய்யாதுன்னுதான் விட்டேன்."

நல்ல மனுஷன். தன் வீட்டுப் பேய்க்கு ஊரான் பிள்ளைகளைக் காவல் வைத்திருக்கிறார்.

"ஊருக்குப் போயிருவோம் மக்கா," என்று மத்தியாஸ் முனகினான்.

ரசலையனின் அப்பா இஸ்ரவேல் புதுக்கடைச் சபையின் உபதேசியார். நாள் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கிக்கிறவர். அவர் மகன் அவிட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தான் என்று சபையே சிரிக்காதா? "அதெல்லாம் அஞ்ஞானம்லே. ஜெபம் பண்ணிட்டுப் படு," என்றான். அவனுக்கும் உள்ளூர உதறல்தான். ஆனால் பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது.

அன்று மத்தியாஸ் இருமியபோதெல்லாம் பின்னறையில் அவளும் இருமினாள்.

அடுத்த நாள் அவள் முதலில் இருமினாள். மத்தியாஸ் பின்னால் இருமினான்.

ஆறாம் நாள் மத்தியானம், ரசலையன் கஞ்சி எடுக்கத் திரும்பிய நேரத்தில், மத்தியாஸின் இருமல் நின்றது. பின்னறையிலும் நின்றது.

புதுக்கடையில் அடக்கம் முடிந்தபின் மத்தியாஸின் தாய் ராகேல் ரசலையனிடம் ஒன்றுதான் கேட்டாள். "கூடத்தான இருந்த மக்கா, ஏன் கூட்டிட்டு வரல்ல?" சபையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை, மத்தியாஸ் இருந்திருப்பான்.

நாலு நாள் கழித்து, ரசலையன் தன் பெட்டியை எடுக்க அந்த வீட்டுக்கு வந்தான். வாசலில் புதிதாக இரண்டு பையன்கள் பெட்டியோடு நின்றார்கள். சாவியைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை தெருமுனையில் போய்க்கொண்டிருந்தார். ஆறு மாசம் இன்னும் முடியவில்லையே.

இந்தத் தடவை வெட்கப்படக் கூடாது என்று ரசலையன் பல்லைக் கடித்துக்கொண்டான். "தம்பி, இங்க இருக்காதிய. வேற எடம் பாருங்க," என்றான்.

மூத்தவன் அவனைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஆளில்லாத வீடுன்னுதான் அவரு சொன்னாரு. உள்ள ரெண்டு பேரு இருமுறாங்களே அண்ணே, அவங்க எப்பம் வீட்ட ஒழிஞ்சு குடுப்பாங்க?"