தனியே நின்ற வெள்ளைக் கட்டம்

அனந்தராமன் மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கோந்த்வா வீட்டுக்குள் நுழைந்தபோது, விச்சு குறுக்கெழுத்துப் புதிரில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். மூன்று விடைகளுக்கு மேல் அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மிச்சக் கட்டங்களை விச்சு, விச்சு என்று நிரப்பிவிடுவான். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு மேதை மாதிரி தெரியும்.

மாமாவைக் கண்டதும் பத்திரிகையைக் குப்புறப் போட்டான். 'முத்தாக்கரை' என்ற அந்தத் தமிழ் மாத இதழை நடத்துபவரே மாமாதான்.

"ருக்மிணி, என் புதிர்க்காரன் போறேங்கறான்," என்று சொல்லி நாற்காலியில் சரிந்தார்.

ருக்மிணி, விச்சுவின் மன்னி. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது அக்கம்பக்கத்தில் காணாமல் போகும் மோதிரங்களையும் மனிதர்களையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள். விச்சு அவளுடைய உதவியாளன். அந்தப் பதவியை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான்.

"யார் அவர்?"

"தெரியாதே. ரெண்டு வருஷமா மாசாமாசம் கம்ப்யூட்டர்ல அடிச்சுத் தபால்ல வரும். பேர் கிடையாது, கோர்படி முத்திரை மட்டும். இந்த மாசம் புதிரோட ஒரு வரி: 'இதுதான் கடைசி, மன்னிக்கவும்.' அவனுக்கு என்னமோ ஆயிடுத்து. முகம் தெரியாட்டாலும், மாசாமாசம் என்னோட பேசிண்டிருந்தவன். அப்படியே விட முடியலை."

"உங்களுக்கு என்ன ஆச்சு, மாமா? கைத்தடி புதுசா இருக்கே."

"முழங்கால் ஆபரேஷன். ஒரு மாசமா கராடியில பொண்ணு சஹானாகிட்ட இருக்கேன். கோர்படி வீடு பூட்டிக் கிடக்கு."

"இதுக்கு முன்னாடி புதிர் யார் போட்டா?"

மாமா கைத்தடியின் பூணைத் தடவினார். "நானும் கிச்சாவும். கிருஷ்ணஸ்வாமி. கட்டத்தைத் தலைகீழாத் திருப்பினாலும் கறுப்பெல்லாம் அதே இடத்துல விழணும், அதுதான் முறைன்னு நான் பிடிவாதம். 'வாழ்க்கையே அப்படி இல்லையேடா'ன்னு கத்திட்டுப் போனான். அப்புறம் நாக்பூருக்குப் போயிட்டான்னு கேள்வி."

மன்னி பழைய இதழ்களையெல்லாம் தரையில் விரித்து, நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக அறை முழுக்கக் கட்டங்கள். விச்சுவுக்கு லேசாகத் தூக்கம் வந்தது. ஏதோ ஊரை ஆகாயத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

"மன்னி, ஆள் ஜோசியர். இதெல்லாம் யாரோட ஜாதகமோ," என்றான்.

"ஜாதகத்துக்கு ஒம்பதுக்கு ஒம்பது கட்டம் கிடையாது, விச்சு. ஒண்ணுகூட மாமா சொன்ன முறைப்படி இல்லை, பார்த்தியா? ஆனா நடுப் பத்தி மட்டும் எல்லா மாசமும் மேலேர்ந்து கீழ்வரைக்கும் வெள்ளை." இன்னோர் இதழை எடுத்தாள். "மே மாசம் அந்த ஒரு பத்தியைத் தவிர மிச்சமெல்லாம் கறுப்பு. ஒரே ஒரு சொல்தான் புதிர். இதை எப்படி மாமா போட்டேள்?"

"குறிப்பு அவ்வளவு அழகு. மனசு வரலை."

"அப்புறம் இந்தக் கட்டம். மேலேர்ந்து நாலாவது வரிசை, இடமிருந்து ரெண்டாவது. சில மாசம் சுத்திலும் கறுப்பு, இது மட்டும் தனியா வெள்ளை. எந்தச் சொல்லுலயும் சேராது."

"அச்சுப்பிழைன்னு வாசகர்கள் திட்டினா. ஆனா தபால்ல வந்ததே அப்படித்தான்."

"பிழைன்னா ஒரு மாசம் வரும். அந்த மே மாசத்தை விட்டா இது எல்லா மாசமும் வெள்ளை, கடைசி மாசம் கறுப்பு." மன்னி கண்ணாடியைக் கழற்றினாள். "மாமா, உங்க வீட்டை சாயங்காலத்துல எதிர்ப்பக்கத்திலேர்ந்து பார்த்திருக்கேளா?"

"என் வீட்டை நான் எதுக்கு வெளியில நின்னு பார்க்கணும்?"

கோர்படியில் ரயில் பாதையைக் கடக்கும் நடைமேம்பாலத்தில் அவர்கள் நின்றபோது பொழுது சாய்ந்திருந்தது. டிசம்பர் மூட்டம் தண்டவாளங்களின் மேல் பால் ஆடைபோலப் படிந்திருந்தது. எதிரே மாமாவின் கட்டடம். தரைத்தளத்தோடு ஒன்பது அடுக்கு, அடுக்குக்கு ஒன்பது ஜன்னல். சிலவற்றில் விளக்கு, சிலவற்றில் இருட்டு. நடுவில் மாடிப்படி விளக்குகள் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக எரிந்தன.

விச்சு ஓர் இதழைக் கட்டடத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். கட்டமும் ஜன்னலும் வரிசைக்கு வரிசை பொருந்தின. அவன் வாழ்க்கையில் எந்தப் புதிரும் இப்படிப் பொருந்தியதில்லை.

"மே மாசம் லோட் ஷெட்டிங்," என்றாள் மன்னி. "ஜெனரேட்டர்ல மாடிப்படி மட்டும் எரிஞ்சிருக்கு. நாலாவது வரிசை, ரெண்டாவது ஜன்னல் அஞ்சாவது மாடி. நீங்க தினம் உட்கார்ந்து புரூஃப் பார்க்கற இடம். ஒரு மாசமா இருட்டு. விளக்கு போனதும் புதிரும் போயிடுத்து. எதிர்ப்பக்கம் குடியிருக்கறவர், முறையை வேணும்னே மீறறவர், உங்ககிட்டப் பேர் சொல்ல முடியாதவர்."

"கிச்சா," என்றார் மாமா. பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா என் ஜன்னலைப் பார்த்துண்டா இருந்தான்?"

இந்தப் பக்கம் ரயில்வே காலனியில் நூறு வீடு இருக்கும். "கதவு கதவாத் தட்டலாமா?" என்றான் விச்சு ஆவலாக.

"வேண்டாம்," என்றார் மாமா. "அவனுக்குப் புரியற மாதிரி கூப்பிடறேன்." ஓர் இதழின் பின்னட்டையில் பென்சிலால் கட்டம் போட ஆரம்பித்தார். எரிகிற விளக்குகளைக் குறித்தார், பிறகு சிலவற்றைத் திருத்தினார். தலைகீழாகத் திருப்பினாலும் மாறாத கட்டம்.

துப்பறிகிறவர்கள் கடைசியில் சந்தேக நபர்களை ஒரே அறையில் கூட்டுவார்கள். மன்னி விளக்குகளைக் கூட்டினாள். அதாவது, விச்சு கூட்டினான். மாமா போட்ட கட்டத்தைப் பார்த்தபடி மாடி மாடியாக ஏறி இறங்கி, பேங்க் உத்தியோகத்தில் கற்ற மராத்தியில், "காக்கூ, பாச் மினிட் லைட் பந்த் கரா," என்று ஐந்து நிமிஷம் விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினான். சில வீடுகளில் போடச் சொல்லிக் கெஞ்சினான். பைத்தியம் என்று தெரிந்தபின் எல்லோரும் அன்பாக நடந்துகொண்டார்கள். மூன்றாவது மாடி ஓரத்து வீட்டு அம்மாள் மட்டும், "மாலிகா சாலூ ஆஹே," என்று கதவைச் சாத்தினாள். சீரியல் ஓடும்போது உலகத்தில் யாராலும் விளக்கணைக்க முடியாதாம்.

கடைசியாக மாமாவின் வீட்டைத் திறந்து, ஐந்தாவது மாடி விளக்கைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கப் பாலத்துக்கு ஓடி வந்தான்.

மூட்டத்தின் நடுவே கட்டடம் ஒரு பெரிய புதிராக மிதந்தது. ஒரு கூட்ஸ் வண்டி பாலத்துக்கு அடியில் மெதுவாக, முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அது போய் முடிந்தபோது, பாலத்தின் காலனிப் பக்கப் படிகளில் குரங்குக் குல்லாயும் மஃப்ளருமாக ஒருவர் ஏறி வந்தார். மாமாவின் கைத்தடியைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார்.

"நீ வீட்டை வித்துட்டுப் போயிட்டேன்னு நினைச்சேன்," என்றார்.

"முழங்கால்டா."

கிருஷ்ணஸ்வாமி கட்டடத்தின் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். குல்லாய்க்குள் இருந்து மூக்கை உறிஞ்சினார்.

"மூணாவது மாடி ஓரம் தப்பு."

ஒரே ஒரு கட்டத்துக்காக நண்பனை இழந்தவர், அந்த விளக்கையே பார்த்தார்.

"இருக்கட்டும்டா, கிச்சா," என்றார். "அந்தம்மா சீரியல் பார்க்கறா."

விச்சுவுக்குக் கண்ணில் என்னவோ விழுந்தது. ரயில் பாதை பக்கம் கரித்தூள் ஜாஸ்தி என்று மன்னியிடம் சொன்னான். கரி எஞ்சின் நின்று எத்தனையோ வருஷம் ஆயிற்று. மன்னி அதைச் சொல்லாமல் புடவைத் தலைப்பை நீட்டினாள்.