வலப்பக்க வெளிச்சம்

கேமராவின் பின்திரையில், தங்கையின் முகத்தில் வெளிச்சம் தப்பான பக்கத்தில் விழுந்திருந்தது.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நடுவில் குழுவின் தலைவர், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடும் வயலின்காரர். ஒரு பக்கம், செல்லோவை முழங்கால்களுக்கிடையே நிறுத்திப் பிடித்திருந்த பருமனான அம்மாள். மறுபக்கம் அவளுடைய தங்கை, தாடைக்கடியில் இன்னொரு வயலினோடு. மாஸ்டருக்கும் செல்லோக்கார அம்மாளுக்கும் இடக்கன்னம் பளிச்சென்றும் வலக்கன்னம் இருட்டாகவும் பதிந்திருந்தன. தங்கைக்கு மட்டும் வலக்கன்னமும் பளிச்சென்றிருந்தது.

அந்தப் பக்கம் அவள் டார்ச்சோடு போகவே இல்லை. போக வழியும் கிடையாது. தங்கையின் நாற்காலிக்கும் வலப்பக்கச் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது.

இப்படி இருட்டில் எடுக்கும் யோசனை அக்காவுடையதுதான். மூவரின் முதல் இசைத்தட்டுக்கு அட்டைப் படம் வேண்டும். மாடிப்படியில் வளைத்து உட்காரவைத்து மேலிருந்து எடுக்கலாம் என்றாள்; மாஸ்டர் வலிக்கும் முழங்காலைக் காட்டினார். மழை நின்ற தெருவில் தேங்கிய தண்ணீரில் அவர்களுடைய பிம்பத்தை மட்டும் எடுக்கலாம் என்றாள். வாத்தியத்தில் ஒரு சொட்டுப் பட்டாலும் கொலை விழும் என்றார் செல்லோக்கார அம்மாள். தோப்புக்குள் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, மரத்தில் மட்டும் ஏறச் சொல்லாதே, இறக்குவதற்குத் தீயணைப்பு வண்டி வரவேண்டும் என்று மாஸ்டர் சிரித்தார். கடைசியில்தான் இதைச் சொன்னாள். ஒத்திகை நடக்கும் இந்த அடித்தள அறைக்கு சன்னலே இல்லை. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷட்டரை நாற்பது விநாடி திறந்து வைத்துவிட்டு, கறுப்பு உடுப்பில் அவள் ஒருத்தி மட்டும் சிறு டார்ச்சோடு நடப்பாள். ஒவ்வொருவரின் இடக்கைப் பக்கமாக நின்று முகம், விரல்கள், வாத்தியத்தின் விளிம்பு என்று வெளிச்சத்தால் மெல்ல வருடுவாள். டார்ச் பட்டது படத்தில் இருக்கும். படாதது இருக்காது. அவள் "போதும்" என்று சொல்லும்வரை யாரும் அசையக்கூடாது, பேசக்கூடாது.

என்னைப் பாதி இருட்டில் விடு, அப்போதாவது பாதி ஆளாகத் தெரிவேன் என்றார் செல்லோக்கார அம்மாள். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இருட்டு ஆகாது. வேறு ஏதாவது செய்யலாமே என்று கேட்டுப் பார்த்தாள். மூன்று வருடமாக அடையாள அட்டைக்கு நேராகப் பார்க்கும் முகங்களை மட்டுமே எடுத்துச் சலித்துப்போயிருந்த அக்கா, ஒரே ஒரு தடவை எனக்காக என்று கெஞ்சினாள். தங்கை தலையசைத்துவிட்டாள். அக்கா கெஞ்சினால் அவளுக்கு மறுக்கத் தெரியாது.

"வலது கன்னம் மரத்துப் போச்சுக்கா" என்றாள் இப்போது, விரலால் தேய்த்துக்கொண்டே.

வயலினை அழுத்திப் பிடித்ததால் இருக்கும் என்றாள் அவள்.

"வயலின் இந்தப் பக்கம்தானே. நான் சொல்றது அந்தப் பக்கம்."

அவள் எட்டிப் பார்த்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் கன்னம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. களைப்பாக இருக்கலாம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பையைக் கட்டிக்கொண்டு நால்வரும் மாடியேறிப் போயிருக்க வேண்டும். ஆனால் படம் அவளை விடவில்லை. அந்த வலப்பக்க வெளிச்சம் அவளுடைய டார்ச் வெளிச்சம் மாதிரி வெள்ளையாக இல்லை. பழுத்த மஞ்சளாக, தோலுக்கு அடியிலிருந்து கசிவதுபோல இருந்தது. அவள் வாழ்நாளில் அப்படி ஒரு முகத்தை எடுத்ததில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று என்றாள். இந்தத் தடவை தங்கை மேல் டார்ச்சைக் காட்டவே போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். அப்போது தெரிந்துவிடும்.

மாஸ்டர் விளக்கை அணைத்துவிட்டு, தடவிக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார். ஷட்டர் திறந்தது.

காலுறையோடு தரை விரிப்பில் நடந்தாள். முதலில் செல்லோக்கார அம்மாள். சுருண்ட மரத்தலை, அதன் மேல் விரல்கள், மூடிய உதடுகள். அடுத்து மாஸ்டரின் நரைத்த புருவம். பதினைந்து விநாடி ஆகியிருக்கும், விரிப்பில் கால் உரசும் சத்தம் கேட்டது. தன் கால்தான் என்று நினைத்தாள். நின்றாள். அந்தச் சத்தம் இன்னும் ஓர் அடி வைத்துவிட்டு நின்றது.

சுவர்ப் பக்கமிருந்து வந்தது அது. அந்த ஒரு சாண் இடைவெளியிலிருந்து.

டார்ச்சை அணைத்தாள். இருட்டு, மூக்கின் நுனியில் ஒட்டிக்கொள்ளும் இருட்டு. வெகுநேரம் எரிந்த பழைய குண்டு பல்பின் மேல் தூசு கருகுவதுபோல ஒரு வாசனை எங்கிருந்தோ வந்தது. அவள் டார்ச் சூடாவதே இல்லை. கனமான எதுவோ நெருங்கிப் போகும்போது தந்திகள் தாமாக அதிருமே, அதுபோலத் தங்கையின் வயலின் மெல்ல முனகியது. தாழ்ந்த தந்தி. அடுத்தது. அதற்கடுத்தது. எதுவோ மெதுவாக, பொறுமையாக, ஒரு விளிம்பையும் விடாமல், அவள் செய்வதைப்போலவே செய்துகொண்டிருந்தது. கண்ணுக்கு ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தெரியவில்லை.

போதும் என்று சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் நாற்பது விநாடி முடிந்தது. ஷட்டர் தானாக மூடிக்கொண்டது.

திரையில் படம் வந்தது. மாஸ்டர் பாதி. செல்லோக்கார அம்மாள் பாதி. தங்கை முழுசாக இருந்தாள். அவள் ஒரு துளி வெளிச்சமும் காட்டாத தங்கை, இரு கன்னமும் கழுத்தும் கையும் மஞ்சளில் குளித்து, இமை மயிர் ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தாள். அரை விநாடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அரை விநாடிக்காக அப்புறம் தன்னையே சபித்துக்கொண்டாள்.

மாஸ்டர் விளக்கைப் போட்டார். செல்லோ தரையில் விழும் சத்தம் கேட்டது.

டியூப்லைட் எரிந்தது. சுவர் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, தங்கையின் இடப்பாதி தெரிந்தது. வலப்பாதியில் மட்டும் வெளிச்சம் விழவில்லை. காயமில்லை, ரத்தமில்லை, விளக்கை அணைத்த அறையில் முகம் எப்படியிருக்குமோ அப்படி, நெற்றியிலிருந்து பாதம்வரை, மூக்குத்தண்டில் கோடு போட்டதுபோலப் பாதி இருட்டு.

"எந்திரி. வா, போகலாம்" என்று தங்கையின் கையைப் பிடித்தாள்.

"இந்தக் கால் எங்க இருக்குன்னே தெரியலக்கா."

மூவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். நாற்காலியோடு தரையில் அறைந்து வைத்ததுபோல இருந்தாள். அடித்தளத்தில் யார் கைப்பேசிக்கும் சிக்னல் இல்லை. டாக்டரைக் கூட்டிவருவதாகச் சொல்லி மாஸ்டர் ஓடினார்; கிழவர் தடுக்கி விழுந்துவிடப் போகிறார் என்று செல்லோக்கார அம்மாள் பின்னாலேயே ஓடினார். கதவு தன் பாரத்தில் மூடியது.

"உனக்கு அப்பவே தெரிஞ்சுதா?" என்று அக்கா கேட்டாள்.

"சூடா ஏதோ முகத்துல நகர்ந்துச்சு. நீன்னுதான் நினைச்சேன்."

"ஏன்டி ஒரு குரல் கொடுக்கல?"

"நீதானேக்கா அசையாதே, பேசாதேன்னே."

அவள் கேமராவைப் பார்த்தாள். படம்தான். படம்தான் எடுத்துவிட்டது, முகத்தைப் படம் வைத்திருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். கேமராவைப் பறித்து இரண்டையும் அழித்தாள். மெமரி கார்டை உருவி இரண்டாக ஒடித்தாள். திரும்பினாள்.

இருட்டு மூக்கைத் தாண்டியிருந்தது. இடக்கண் மட்டும் மிச்சம். அதன் மேல், தண்ணீர் ஏறுவதுபோல, கீழிமையிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது.

தப்பு. அதையும் தப்பாகச் செய்துவிட்டாள்.

டார்ச்சை எடுத்தாள். விரல் வழுக்கியது. இரண்டாம் தடவையில் எரிந்தது. தங்கையின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் மண்டியிட்டுப் பிடித்தாள்.

முகம் வந்தது.

கன்னம் வந்தது. உதடு, உதட்டோரத்து மரு. சுடுகிற மூச்சு. டார்ச் பட்ட இடமெல்லாம் தங்கை இருந்தாள். ஓர் அங்குலம் நகர்த்தினால் நகர்த்திய இடம் இல்லாமல் போனது. சட்டென்று திருப்பிக்கொண்டு வந்தாள். மறுபடி வந்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாக.

"எடுத்துடாதேக்கா."

"எடுக்க மாட்டேன்."

"கையை ஆட்டாதேக்கா."

"ஆட்டலடி. நான் இருக்கேன். அவங்க வந்துடுவாங்க."

மாடிப்படியில் காலடி கேட்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனது என்றும் தெரியவில்லை. தோள் எரிந்தது. வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டாள். தூசு கருகும் வாசனை. மறுபடியும். இப்போது பக்கத்தில்.

திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்பினால் கை அசையும். கை அசைந்தால் தங்கை போய்விடுவாள்.

திரும்பவில்லை.

தங்கையின் கண்களையே பார்த்தாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை எந்தப் படமெடுப்பவளும் கண்மணியில் பார்த்துச் சொல்லிவிடுவாள். டியூப்லைட் நீளமாக ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். அந்தக் கோடு இல்லை. டார்ச் ஒரு வெள்ளைப் புள்ளி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தது. இரண்டு கண்ணிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

அதற்குச் சற்று மேலே, அவளுடைய தலையின் கறுப்பு நிழலுக்குப் பின்னால், இன்னொரு புள்ளி. மஞ்சள்.

 வெள்ளைப் புள்ளி நடுங்கியது.

மஞ்சள் புள்ளி நடுங்கவில்லை. பொறுமையாக, அவள் பிடரிக்கு மேலே, பெரிதாகிக்கொண்டிருந்தது.