மூன்று ராஜாவும் ஒரு கோழிக்குஞ்சும்

சவப்பெட்டிக்குள் கிடந்த திர்சோ சீட்டாட வந்து உட்கார்ந்தான்.

டெல்ஃபினின் செல்போன் அப்படித்தான் சொன்னது.

'உங்கள் நண்பர் திர்சோ மேஜைக்கு வந்துவிட்டார்!'

டெல்ஃபின் மெல்ல நிமிர்ந்தான்.

எதிரே பெட்டி. கண்ணாடி மூடிக்குக் கீழே திர்சோவின் முகம், பவுடர் பூசி, உயிரோடு இருந்தபோது இல்லாத லட்சணத்தோடு. கையில் ஜெபமாலை. செல்போன் இல்லை.

அப்படியானால்... இது யார்?

பகல்தான். ஆனால் இலோயிலோ ஊர் முழுக்க மழை இருட்டு. துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கம்போலக் கூடத்தில் சீட்டுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். ஜெயிப்பதில் ஒரு பங்கைச் செத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் சூதாட்டம் புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிடும். போலீஸ் சார்ஜென்ட் கட்டாலினாவே ஒரு மேஜையில் வேர்க்கடலையை உடைத்தபடி புண்ணியம் சேர்த்துக்கொண்டிருந்தார்.

டெல்ஃபின் மட்டும் மூலையில், போனில் போக்கர். சும்மா உட்கார்ந்தால் கண் பெட்டிப் பக்கமே போனது.

அந்த ஆட்டத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே திர்சோதான். டெல்ஃபின் கள்ளக் கணக்கு ஒன்றைத் திறந்து, ஒரே மேஜையில் இரண்டு ஆளாக உட்கார்ந்து நண்பர்களை மொட்டையடித்ததைக் கண்டுபிடித்ததும் திர்சோதான். எல்லாரிடமும் சொல்லப்போகிறேன் என்றான். கொல்லைப்புறப் படிக்கட்டின் உச்சியில் நின்று சொன்னான்.

அது தப்பான இடம்.

ஒரே தள்ளு!

பாசிப் படியில் வழுக்கி விழுந்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. நாளைக்கு அடக்கம். அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் டெல்ஃபினுக்கு விடுதலை. திறந்தால் ஆயுள் முழுக்கச் சிறை. அவ்வளவு சுலபமான பரீட்சை.

டொக்... டொக்...

பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு கோழிக்குஞ்சு. திர்சோவின் நெற்றிக்கு நேர் மேலே அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தது.

கொலையானவன் பெட்டி மேல்தான் இந்த ஊரில் குஞ்சை விடுவார்கள். அது இங்கே கொத்தக் கொத்த, கொன்றவனின் மனசாட்சியில் அங்கே குத்துமாம்.

காலையில் அதைப் பார்த்ததுமே டெல்ஃபின் திர்சோவின் மனைவி சால்வேயிடம் போய்க் காதோடு காதாகச் சொன்னான்.

"மனாங், அக்கா, இதை எடுத்துடுங்க. வழுக்கி விழுந்தாருன்னு போலீஸே சொல்லிருச்சு. ஊரு தப்பாப் பேசும்."

சால்வே காபி ஊற்றிக் கொடுத்தாள். இப்போது பெட்டியின் தலைமாட்டில் கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

போன் அதிர்ந்தது. சீட்டு வந்துவிட்டது.

டெல்ஃபின் கையில் இரண்டு ராஜா!

எல்லாருக்கும் பொதுவாக மேஜையில் மூன்று சீட்டு திரும்பின. கிளாவர் ராஜா. சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் எட்டு. ஆட்டின் நாலு.

மூன்று ராஜா! இந்த நிமிடம் அவனை அடிக்க யாரிடமும் சீட்டு இல்லை. ஆனால் இன்னும் ஒரே ஒரு ஆட்டின் விழுந்தால்... எதிராளி கையில் இரண்டு ஆட்டின் இருந்து, ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்தால்... ராஜாக்கள் மூவரும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள்.

இந்த மாதிரிக் கை வந்தால் எவ்வளவு கட்டுவது என்று திர்சோ தலைபாடாகச் சொல்லியிருக்கிறான். துரத்தி வருகிறவன் காசு கொடுத்துத் துரத்த வேண்டும். ஆனால் பயந்து ஓடிவிடவும் கூடாது. அந்த அளவுக்குக் கட்டு. நீ பாம்பைக் கண்டவன் மாதிரி அடிக்கிறே, உன் பயத்தை நீயே தண்டோரா போடுறே என்று சிரிப்பான்.

டெல்ஃபின் பாம்பைக் கண்டவன் மாதிரியே அடித்தான். பாதிப் பணம் மேஜைக்குப் போனது.

ஓடிவிடு... ஓடிவிடு...

திர்சோ ஓடவில்லை. யோசிக்கக்கூட இல்லை. ஈடு கட்டினான்.

நாலாவது சீட்டு திரும்பியது.

ஆட்டின் ஜாக்கி!

மேஜையில் இப்போது மூன்று ஆட்டின்.

திர்சோ தன்னிடமிருந்த மொத்தத்தையும் மேஜையில் வைத்தான். கூடவே திரையின் ஓரத்தில் எழுத்துகள் ஊர்ந்தன.

'மழை பெய்யுது தோத்தோ. படி வழுக்குது.'

தோத்தோ. தம்பி. திர்சோ அவனை அப்படித்தான் கூப்பிடுவான்.

டொக்... டொக்...

'குஞ்சைப் பார்த்த அத்தனை பேரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. யாரு கொன்னதுன்னு. நீ மட்டும் ஏன் கேக்கல, தோத்தோ?'

டெல்ஃபின் விரல் தானாக நகர்ந்தது. மூன்று ராஜாவையும் மடித்துப் போட்டான். எழுந்தான். நாற்காலி சாய்ந்தது. அத்தனை மேஜைகளும் திரும்பிப் பார்க்க, பெட்டியின் மேல் கவிழ்ந்து விழுந்தான்.

"மனோங்... அண்ணே... சாகணும்னு தள்ளல மனோங். ஊரைக் கூட்டிச் சொல்லுவேன்னு சொன்னியே... அந்த ஆத்திரத்துல தள்ளிட்டேன். என்னை விட்டுடு."

கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

கறுப்புச் சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் செல்போன்.

"அவர் ஆடும்போது பக்கத்துல உக்காந்து காய் நறுக்குனவ நான்" என்றாள் சால்வே. "நறுக்கத் தெரிஞ்ச அளவுக்கு ஆடவும் தெரியும்."

திரையில் அவளுடைய சீட்டுகள். கிளாவர் ஏழு. டைமன் ரெண்டு.

ஒரு ஆட்டின்கூட இல்லை.

"உன் கைதான் பெரிசு தோத்தோ. நீ அடிச்ச அடியிலயே தெரிஞ்சிருச்சு, நீ எதுக்கோ நடுங்கிட்டிருக்கேன்னு. சும்மா உக்காந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே."

டெல்ஃபின் மிரண்டுபோய் சார்ஜென்ட்டைப் பார்த்தான். சாட்சி இருக்கிறதா, கைரேகை கிடைத்ததா என்று திக்கித் திக்கிக் கேட்டான்.

கட்டாலினா கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு விலங்கை எடுத்தார்.

"ஒண்ணும் கிடையாது. காலையிலதான் ஃபைலை மூடினேன்."

"அப்ப... என்னைப் பிடிக்க வரலியா மேடம்?"

"சீட்டாட வந்தேன்ப்பா. வந்ததுலேர்ந்து தோல்விதான்... நீதான் முதல் கெலிப்பு."